அஸ்பிரின் அடைப்பைக் கரைக்காது

(களுவாஞ்சிகுடியில் நடந்த தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் பேசியது)



நான் வைத்தியன் இல்லை, தோட்டப் பள்ளியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். இன்று ஒரு குளிசையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் மாரடைப்பு வந்து பிழைத்த ஓர் அண்ணன் இருந்தார். ஒரு வருடம் ஒழுங்காக அஸ்பிரின் போட்டார். பிறகு, "அடைப்பெல்லாம் இந்நேரம் கரைஞ்சிருக்கும் சார்" என்று நிறுத்திவிட்டார். மூன்றாவது கிழமை பெரட்டுக்களத்திலேயே விழுந்தார். நிறுத்தியதால்தான் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் அவர் நினைத்தது பிழை.

நாடியில் கொழுப்பு, பீலிக்குழாயில் பாசி பிடிப்பதுபோல மேலே ஒட்டுவதில்லை. சுவருக்குள்ளே, தோலுக்கடியில் சீழ்க்கட்டி வளர்வதுபோல, வருடக்கணக்கில் வளர்கிறது. ஒருநாள் அதன் மேல்தோல் வெடிக்கிறது. கவ்வாத்துக் கத்தி விரலில் பட்டால் என்ன நடக்கும்? இரத்தத்திலுள்ள சிறுதட்டுகள் ஓடிவந்து, ஒன்றையொன்று கூப்பிட்டுச் சேர்ந்து, காயத்தை அடைக்கும். வெடித்த இடத்தையும் அவை காயம் என்றே நினைக்கின்றன. விரலைக் காப்பாற்றுகிற அதே கட்டி இதயத்துக்குப் போகும் வழியை மூடிவிடுகிறது.

அஸ்பிரின் நிறுத்துவது அந்தக் கூப்பாட்டைத்தான். அது எப்படி வேலை செய்கிறது என்பதை 1971இல் காட்டிய ஜோன் வேனுக்கு 1982இல் நோபல் பரிசு கிடைத்தது. உள்ளே இருக்கிற கொழுப்பு இருந்தபடியே இருக்கும். அதை அடக்க கொலஸ்திரோல் குளிசை வேண்டும். பிரஷரும் சீனியும் கட்டுக்குள் வேண்டும். சுருட்டும் புகையிலையும் போகவேண்டும். (வெற்றிலையோடு போடுகிற துண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், பாட்டிமார் கோபிக்கக்கூடாது.) சிறுதட்டின் ஆயுள் பத்து நாள் அளவுதான். குளிசையை நிறுத்தினால் அதற்குள் புதியவை வந்து பழையபடி கூப்பிடத் தொடங்கிவிடும்.

1988இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 17,187 பேர் சேர்க்கப்பட்டார்கள். 24 மணித்தியாலத்துக்குள் அஸ்பிரின் தொடங்கியவர்களில் ஐந்து கிழமைக்குள் இதய, இரத்தக்குழாய் நோயால் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு 94 பேர். அஸ்பிரின் கிடைக்காதவர்களில் 118 பேர். ஆகவே நெஞ்சை அழுத்தி, வியர்த்து, வலி கைக்கு இறங்கினால் 'வாயு' என்று இஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். உடனே 1990க்கு அடியுங்கள், அஸ்பிரின் கொடுக்கலாமா என்று அவர்களிடமே கேளுங்கள். வாய் கோணி, கை விழுந்தால் கொடுக்கவேண்டாம். மூளையில் இரத்தக்கசிவாகவும் இருக்கலாம்.

சுகமாக இருக்கிறவர்கள் 'முன்கூட்டியே' போடுவது வேறு கதை. 2018இல் வெளியான ஆய்வில், பெரும்பாலும் எழுபது தாண்டிய சுகதேகிகள் 19,000 பேரில் அது இதயத்துக்குப் பெரிய நன்மை செய்யவில்லை; இரத்தக்கசிவைத்தான் கூட்டியது. உப்புக் கடன் கொடுப்பதுபோல ஒரு லயத்தில் குளிசை கைமாறுவதைக் கண்டிருக்கிறேன். அது வேண்டாம். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால் தொடவே கூடாது. டெங்கு என்றால் உள்ளே இரத்தம் கசியும்.

அந்த அண்ணனின் மரணவீட்டில் அவர் மனைவி என்னிடம் இன்னொன்றும் சொன்னார். "கரைஞ்சிருச்சுன்னு சொன்னது ஒங்களுக்கு சார். கிளினிக் போற நாளைக்குப் பேர் இல்லையே, அதுதான் போகல."

கிளினிக் அட்டையைக் காட்டினால் அன்றைக்கு அரைப்பேராவது போடவேண்டும் என்ற கோரிக்கையை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். கையெழுத்துத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது.