சட்டம் போட்ட படங்கள்



புது வீட்டுக்குக் குடிபோகும் குடும்பம், சொந்த வீடானாலும் வாடகை வீடானாலும், கட்டிலையும் பீரோவையும் ஏற்றுவதற்கு முன் ஒரு சாமி படத்தை உள்ளே கொண்டுபோகிறது. கூடவே உப்பும் மஞ்சளும் ஒரு குடம் தண்ணீரும் போகும். பால் காய்ச்சுவது அதன் பிறகுதான். இந்த வழக்கத்தைப் பக்தியின் கணக்கில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். வெறும் சுவர்களை ஒரு குடும்பத்தின் இடமாக மாற்ற முதலில் என்ன வேண்டும் என்ற கேள்விக்கு நம் வீடுகள் நெடுநாளாகச் சொல்லிவரும் பதிலும் அதில் இருக்கிறது. கண்ணாடியும் சட்டமும் போட்ட ஒரு படம் வேண்டும். கையில் பணம் குறைவாக உள்ளவர்கள் தங்கள் வீட்டைத் தங்களுடையதாக்கிக்கொள்ள இதைவிடச் சிக்கனமான, இதைவிட ஆழமான வழி நம்மிடம் இல்லை என்பது என் கருத்து. இதைக் கலை என்றே சொல்வேன். படத்தை வரைந்தவரின் திறமையைப் பேச ஆட்கள் உண்டு. அந்தப் படத்தைத் தேர்ந்து, சட்டம் போட்டு, இடம் பார்த்து மாட்டி, பல ஆண்டு பேணுகிறவரின் திறமையைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

ஒரு காலத்தில் சுவரில் படம் இருப்பதே வசதிக்கு அடையாளம். தஞ்சாவூர் ஓவியம் என்றால் பலகை, அதன்மேல் துணி, சுண்ணப் பூச்சு, தங்கரேக்கு, கண்ணாடிக் கல் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். கண்ணாடியின் பின்பக்கத்தில் வரையும் தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியம் அதைவிட மலிவு. ஆனாலும் ஒவ்வொன்றையும் ஒருவர் உட்கார்ந்து கையால்தான் வரைய வேண்டும். நிலைமையை மாற்றியது அச்சு. ஓவியர் ராஜா ரவிவர்மாவின் ஓவியங்களை அச்சிட்டால் பலருக்கும் கிடைக்குமே என்று யோசனை சொன்னவர், கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த சர் டி. மாதவராவ். 1894-இல் பம்பாயில் ரவிவர்மாவின் அச்சகம் தொடங்கியது. கல்லச்சில் நிறம் நிறமாக ஒற்றியெடுத்த லட்சுமியும் சரஸ்வதியும் அங்கிருந்து நாடெங்கும் போனார்கள். பிறகு நம் பக்கத்தில் சிவகாசி எழுந்தது. 1920-களில் அங்கே தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. பெட்டியில் ஒட்டும் லேபிளை அச்சிடுவதற்காக வந்த இயந்திரங்களும் தொழிலாளிகளும் காலப்போக்கில் காலண்டருக்குத் திரும்பினார்கள். அருகிலுள்ள கோவில்பட்டியில் சி. கொண்டையராஜு இருந்தார். 1898-இல் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். கோவில்பட்டியிலேயே தங்கி, 1976-இல் மறையும்வரை அங்கே ஒரு குருகுலம்போல் மாணவர்களை உருவாக்கினார். டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் போன்றவர்கள் அந்தப் பட்டறையில் வளர்ந்தவர்கள். இவர்கள் வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசி அச்சகங்களின் வழியே தமிழகத்தின் மூலைமுடுக்கெல்லாம் நுழைந்தார்கள். இன்றும் ஆடிப் பதினெட்டு அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் ஆல்பம் வெளியாகிறது. கடைக்காரர் அதைப் பார்த்துப் படத்தைத் தேர்ந்தெடுத்து, கீழே தன் கடையின் பெயரை அச்சிட்டு, தை பிறப்பதற்குள் வாடிக்கையாளருக்கு இலவசமாகக் கொடுத்துவிடுகிறார். குடும்பத்துக்குப் படம் சும்மா வந்துவிடுகிறது. செலவெல்லாம் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும்தான்.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம். இலட்சக்கணக்கில் அச்சாகி, எதிர் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் இருக்கும் அதே படம் என் வீட்டை எப்படி என்னுடையதாக்கும்? நியாயமான கேள்வி. இதற்குப் பதிலைப் பழைய படங்களிலேயே பார்க்கலாம். ரவிவர்மா அச்சகத்துப் படங்களை வாங்கிய வீட்டுப் பெண்கள் அவற்றை அப்படியே மாட்டிவிடவில்லை. சேலை வரும் இடத்தில் பட்டுத் துணியை வெட்டி ஒட்டினார்கள். கரையில் ஜரிகை, நகையில் சமிக்கி, கிரீடத்தில் சின்னச் சின்ன மணி என்று மாதக்கணக்கில் வேலை பார்த்தார்கள். ஒரே கல்லில் அச்சான இரண்டு லட்சுமிகள் இரண்டு வீடுகளில் இரண்டு விதமாக ஆனார்கள். அந்தப் படங்களை இன்று பழம்பொருள் சேகரிப்போர் தேடி வாங்குகிறார்கள். அவர்கள் மதிப்பது அச்சை மட்டும்தானா? பெயர் தெரியாத அந்தப் பெண்ணின் கைவேலைக்கும் சேர்த்துத்தானே விலை கொடுக்கிறார்கள். ஜரிகை ஒட்டாத வீடுகளிலும் தேர்வு நடக்கிறது. பன்னிரண்டு மாதக் காலண்டரில் பன்னிரண்டு படம் இருக்கும். ஆண்டு முடிந்ததும் பதினொன்று பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டையாகும், ஒன்றுதான் பிரேம் கடைக்குப் போகும். எது போகிறது என்பதில் அந்த வீட்டின் குலதெய்வம், வேண்டுதல், பிறந்த ஊர், சில சமயம் ஒரு குழந்தையின் பிடிவாதம் எல்லாம் இருக்கிறது. பக்கத்தில் எதை மாட்டுகிறார்கள் என்பது இன்னும் முக்கியம். பழநி முருகனுக்கு அருகில் தாத்தா, தாத்தாவுக்கு அருகில் காமராஜர், அடுத்து கல்யாணப் போட்டோ, கீழே பிள்ளை ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய சான்றிதழ். வேறொரு வீட்டில் வேளாங்கண்ணி மாதா, அம்பேத்கர். இன்னொன்றில் மெக்கா, நாகூர் தர்கா. தனித்தனியே ஒவ்வொன்றும் கடைத்தெருவில் கிடைப்பதுதான். சேர்ந்திருக்கும் அந்த வரிசை வேறெந்த வீட்டிலும் கிடையாது. கடையில் தொகுப்பாக விற்கும் அலங்காரப் படங்களுக்கு இந்தக் குணம் வர வழியில்லை. மூன்று படமும் ஒரே நிறத்தில், ஒரே அளவில், சோபாவின் நிறத்துக்குப் பொருந்தும்படி யாரோ முன்கூட்டியே தேர்ந்து கொடுத்துவிட்டார்கள். விலையும் அதிகம், நாம் செய்ய மிச்சம் வைத்ததும் ஒன்றுமில்லை.

இரண்டாவது மறுப்பு ரசனை பற்றியது. காலண்டர் படம் பளபளப்பானது, ஆழமில்லாதது, நல்ல ஓவியம் பார்த்துப் பழகியவர் வீட்டில் மாட்டக்கூடியதல்ல என்று படித்தவர்கள் சொல்வதுண்டு. கொண்டையராஜுவின் படத்தை நிதானமாகப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். நாடக மேடைக்குத் திரைச்சீலை எழுதிய கை அது. பின்னால் மலையும் கோபுரமும் நீரும் தூரத்துக்குத் தூரம் விலகிப் போகும், தெய்வம் மட்டும் முன்னால் வந்து நம்மை நேராகப் பார்க்கும். கூடத்தின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் பார்வை சந்திக்க வேண்டும், மங்கலான பல்பு வெளிச்சத்திலும் முகம் தெரிய வேண்டும், அடுப்புப் புகையும் ஊதுபத்திப் புகையும் பட்டாலும் நிறம் எடுபட வேண்டும். இப்படிப்பட்ட வேலைக்காகச் செய்த படத்தை, வெள்ளைச் சுவரும் தனி விளக்கும் உள்ள காட்சிக்கூடத்தின் அளவுகோலால் அளப்பது பொருந்தாது. அதே சமயம் எல்லாக் காலண்டர் படமும் நல்ல படம் என்றும் சொல்ல மாட்டேன். நகலுக்கு நகல் எடுத்து, முகத்தில் உயிரில்லாமல், கணினியில் நாலு படத்தை வெட்டி ஒட்டி ஒளிவட்டம் சுற்றவிட்டவை இன்று ஏராளம். இலவசம் என்பதற்காக எல்லாவற்றையும் மாட்டினால் சுவர் விளம்பரப் பலகையாகிவிடும். வேண்டாம் என்று பத்தை ஒதுக்கத் தெரிந்தால்தான் மாட்டிய ஒன்றுக்கு மதிப்பு. இந்த ஒதுக்குதலுக்குக் காசு தேவையில்லை, கண் பழக வேண்டும். அவ்வளவுதான்.

இந்தப் பழக்கத்தின்மேல் எனக்கும் ஒரு குறை உண்டு. அது ரசனையைவிடப் பெரியது. நம் கூடத்துச் சுவர்களில் இருக்கும் குடும்பப் படங்களைப் பார்த்தால், தாத்தா இருப்பார், அவர் அப்பா இருப்பார், தலைப்பாகையோடு அண்ணன் தம்பி வரிசையாக நிற்பார்கள். பாட்டி இருந்தால் கணவருக்குப் பக்கத்தில் இருப்பார், பெரும்பாலும் கல்யாணப் படத்தில். தனியாகப் பாட்டியின் படம், அத்தையின் படம், படித்து வேலைக்குப் போன முதல் பெண்ணின் படம் பெட்டிக்குள் இருக்கும், சுவருக்கு வந்திருக்காது. இறந்தவர்க்கு மாலை போட்டு மாட்டுவது வழக்கமானதால், உயிரோடு இருப்பவர்களுக்கும் இடம் குறைந்துவிட்டது. வீட்டில் நாள் முழுக்க இருந்து அதை நடத்துகிறவர் அந்தச் சுவரில் இல்லையென்றால், வீடு எல்லாருடையதும் ஆகிவிட்டது என்று எப்படிச் சொல்வது? திருத்துவதும் சுலபம். பழைய ஸ்டூடியோ படத்தைப் பிரதி எடுத்துப் பெரிதாக்க ஸ்டூடியோவில் பெரிய தொகை கேட்பதில்லை. அம்மா கைப்பட எழுதிய சமையல் குறிப்புத் தாள், பள்ளிச் சிறுமி வரைந்த வீடும் மலையும், பாட்டியின் கிழிந்த சுங்குடிச் சேலையில் கெட்டுப்போகாத ஒரு சாண் துண்டு, எதையும் சட்டத்துக்குள் வைக்கலாம். மதுரைச் சுங்குடியின் கையால் கட்டிய புள்ளிகள் கண்ணாடிக்குள் எவ்வளவு அழகாக இருக்கும் என்பதை வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

வாடகை வீட்டுக்காரர்கள் வேறொன்று சொல்வார்கள். ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார், இந்தப் பேச்செல்லாம் எங்களுக்கு எதற்கு? இந்தச் சிரமம் உண்மையானது, இன்றைய நகரத்தில் மிகப் பெரியதும்கூட. பழைய ஓட்டு வீடுகளில் படம் மாட்டவென்றே சுவரோடு ஒரு மரப்பட்டை ஓடும், அதில் அடித்த ஆணி சுவரைத் தொடாது. அந்த யோசனை இன்றும் உதவும். முந்தைய குடித்தனக்காரர் விட்டுப்போன இரண்டு ஆணிகளுக்கு நடுவே உறுதியான கயிறு கட்டி, எடை குறைந்த படங்களை அதில் தொங்கவிடலாம். அலமாரித் தட்டிலும் பீரோவின் மேலும் ஜன்னல் திட்டிலும் சாய்த்து வைக்கலாம். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் மட்டும் கண்ணாடிக்குப் பதில் ஒளி புகும் பிளாஸ்டிக் தகடு போடச் சொல்வது நல்லது. போன் இருக்கும்போது படம் எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு. போனில் ஆயிரம் படம் இருக்கலாம், அவை போனுக்குச் சொந்தக்காரர் திறந்து காட்டினால்தான் தெரியும். சுவரில் இருப்பதைப் பார்க்க வீட்டில் யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. வந்த விருந்தாளி தானாகவே கேட்பார், இது யார், எந்த ஊரில் எடுத்தது என்று. வீட்டுக் கதை பிள்ளைகள் காதில் விழுவது இந்தக் கேள்விகளால்தான்.

கடைசியாகப் பராமரிப்பு. பணம் குறைந்தவர்கள் அதிகம் இழப்பது இதில்தான், கவனம் இருந்தால் இழக்கத் தேவையும் இல்லை. நேர் வெயில் படும் சுவரில் மாட்டிய அச்சுப் படத்தில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறிப் போகும், சில ஆண்டில் முருகனின் வேலும் மயிலும் வெறும் நீலமாக நிற்கும். ஆகவே ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் வேண்டாம். ஓதம் ஏறும் சுவரும் வேண்டாம். போட்டோ கண்ணாடியோடு நேராக ஒட்டிக்கொண்டால் ஈரத்தில் பிடித்துக்கொள்ளும், பிரித்தால் முகம் உரிந்து வரும். பிரேம் போடும்போதே நடுவில் ஓர் அட்டை விளிம்பு வைத்து இடைவெளி விடச் சொல்ல வேண்டும், அதற்குக் கூடுதல் செலவு அற்பம். பின்பக்கத்தைப் பழுப்புத் தாள் ஒட்டி மூடினால் ராமபாணப் பூச்சி நுழைவது குறையும். கழுவிய துணியைப் பிழிந்து துடைக்கும்போது நீர் சட்டத்துக்குள் இறங்காமல் பார்க்க வேண்டும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது எல்லாப் படங்களையும் கழற்றித் தரையில் அடுக்கத்தானே போகிறோம். அந்த நாளில் ஒவ்வொன்றின் முதுகிலும், படத்தில் அழுந்தாமல், பழுப்புத் தாளின்மேல் பென்சிலால் எழுதிவையுங்கள்: இருப்பவர் யார், எந்த ஆண்டு, எந்த ஊர், யார் கொடுத்தது. அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர் வீட்டில் இருக்கும்போதே அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டு எழுதுங்கள்.