பாட்டியின் அவரை விதை



யூபிலி என்றதும் கொடியேற்றமும் தேர்ப்பவனியும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் லேவியர் நூல் 25ஆம் அதிகாரம் யூபிலிக்குக் கூறும் பொருள் வேறு. ஐம்பதாம் ஆண்டில் ஒவ்வொருவனும் தன் முன்னோரின் காணிக்குத் திரும்ப வேண்டும் என்பதே அங்குள்ள கட்டளை.

இது நம்மில் பலரின் நெஞ்சை உறுத்தும். மதுரை, திண்டுக்கல், நெல்லைச் சீமைகளிலிருந்து பனியன் கம்பெனியை நம்பி வந்து குடியேறியவர்கள் நம்மில் எத்தனை பேர்! இவ்வூர் உழவர்களும் நிலத்தை இழந்து நின்றவர்களே. சாயக்கழிவு நொய்யலில் கலந்ததால் கரையோர வயல்கள் உப்பேறின. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு நிலைமை முற்றியது. அப்படியிருக்க, நாம் எந்தக் காணிக்குத் திரும்புவது?

அந்தக் காணி நம் வீட்டிலேயே இருக்கிறது. பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டியைத்தான் சொல்கிறேன். எந்தப் பட்டத்தில் எதை ஊன்றுவது, விதையைச் சாம்பலில் புரட்டி எப்படிக் காப்பது என்பதெல்லாம் அவர்கள் அறிந்தவை. ஆனால் பெற்றோர் ஒன்றரை ஷிப்ட் முடித்து வரும்வரை, பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவே கைப்பேசி அல்லவா உட்கார்ந்திருக்கிறது! பல ஆண்டுகள் டப்பாவில் பூட்டிய விதை முளைக்காது. கேட்பாரற்ற அறிவும் அவ்வாறே, அவர்களோடு கல்லறைக்குப் போய்விடும்.

மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டி பாப்பம்மாள் அம்மையாரை எண்ணிப் பாருங்கள். இளமையில் பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். கடை நடத்திச் சேமித்த பணத்தில் நிலம் வாங்கினார். நூறு வயதைக் கடந்தும் இயற்கை முறையில் பயிர் செய்தார். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2024 செப்டம்பரில் மறைந்தார். ஒரு பாட்டியின் வளர்ப்பு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, பாருங்கள்!

விசுவாசமும் இப்படியே கைமாறுகிறது. திமொத்தேயுவின் விசுவாசம் முதலில் அவருடைய பாட்டியிடம் குடிகொண்டிருந்தது எனப் புனித பவுல் நினைவூட்டுகிறார். 2021இல் திருத்தந்தை பிரான்சிஸ் ஜூலை மாத நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்கும் உரிய நாளாக ஏற்படுத்தினார். இயேசுவின் தாத்தா பாட்டியான சுவக்கீன், அன்னம்மாள் திருநாளாகிய ஜூலை 26ஐ ஒட்டி வரும் நாள் அது. நமக்கோ அது ஆடிப்பட்டம்!

ஆகவே இந்த யூபிலியின் நினைவாக ஒரு வேண்டுகோள். வருகிற அந்த ஞாயிறன்று ஒவ்வொரு வீட்டிலும் தாத்தாவோ பாட்டியோ பேரப்பிள்ளையின் கையால் நாட்டு அவரை விதை ஊன்றட்டும். காம்பவுண்டு வீட்டில் இடமில்லையே என்கிறீர்களா? அடியில் துளையிட்ட பழைய பெயிண்ட் வாளி போதும். செம்மண்ணும் மக்கிய ஆட்டெருவும் கலந்து நிரப்புங்கள். கொடி ஏற ஒரு கயிறு கட்டுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அவரை தாங்காது. அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றுங்கள்.

பிள்ளை தினமும் பூவைத் தேடுவான். நாட்டு அவரையோ பகல் குறுகும் காலத்தில்தான் பூக்கும். திருவருகைக் காலம் வரை காத்திருக்கப் பாட்டி சொல்லித் தருவார். முதல் காய்களைக் கிறிஸ்து பிறப்புத் திருப்பலியில் காணிக்கையாகக் கொண்டுவாருங்கள். நான்கு காய்களை முற்றவிட்டு, அடுத்த ஆடிக்கு விதை எடுக்கவும் மறவாதீர்கள்.

தலைமுறை தலைமுறையாக நம்மைக் காத்துவரும் இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக!