கூட்டக் குறிப்பேடும் வாக்குச்சீட்டும்



ஆறாம் படிவத்தை நிறைவுசெய்து விடைபெறும் மாணவச் செல்வங்களே, எஸ்.பி.எம். தேர்வு முடிந்த கையோடு நண்பர்கள் மெட்ரிகுலேஷன், டிப்ளோமா என்று பிரிந்து சென்றபோது, நீங்கள் எஸ்.டி.பி.எம். தேர்வைத் தேர்ந்தெடுத்தீர்கள். 1982 முதல் நடந்துவரும் தேர்வு இது. 2012இல் மூன்று பருவங்களாகப் பிரிக்கப்பட்ட பிறகும் அதன் கடுமை குறையவில்லை. ஒன்றரை ஆண்டு அதில் தாக்குப்பிடித்த உங்கள் உழைப்புக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் இன்று நான் பேச வந்தது வகுப்பு முடிந்த பிறகு நடந்தவற்றைப் பற்றி. பல பள்ளிகளில் புதன்கிழமை பிற்பகல் மன்றங்களுக்கும் சீருடை இயக்கங்களுக்கும் விளையாட்டுக்கும் உரியது. அந்தப் பிற்பகல்களைப் படிப்பின் ஓரத்தில் ஒட்டிய அலங்காரமாகப் பார்க்கக் கூடாது. குடிமக்களாக வாழ்வதற்கு நீங்கள் பெற்ற முதல் பயிற்சி அங்கேதான் நடந்தது என்பது என் உறுதியான கருத்து.

இதற்குக் காரணம் உங்கள் வயதிலேயே இருக்கிறது. வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைக்கும் அரசியலமைப்புத் திருத்தத்தை 2019 ஜூலையில் மலேசிய மக்களவை நிறைவேற்றியது. அது 2021 டிசம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. 2022 நவம்பரில் நடந்த பதினைந்தாவது பொதுத்தேர்தலில் 18 வயதினரும் வாக்களித்தார்கள். பள்ளியில் படிக்கும்போதே வாக்குரிமையும் கைக்கு வரும் கட்டம் ஆறாம் படிவம். அந்த உரிமையைப் பயன்படுத்தும் பழக்கத்தை எந்தப் பாடநூலும் முழுமையாகத் தந்துவிடாது. தமிழ்மொழிக் கழகத்தின் செயலாளர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். கூட்டம் முடிந்ததும் குறிப்பேட்டில் யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், யார் மறுத்தார் என்று எழுதுகிறார். தனக்குப் பிடிக்காத முடிவையும் அவர் சிதைக்காமல் எழுதியாக வேண்டும். பொருளாளரின் தகரப் பெட்டியில் ரிங்கிட் தாள்களும் சென் காசுகளும் ரசீதுகளும் கிடக்கின்றன. கணக்கில் இரண்டு ரிங்கிட் குறைந்தாலும் அவர் எல்லோர் முன்னிலையிலும் பதில் சொல்ல வேண்டும். ஊரார் பணத்தைத் தன் பணத்தைவிடக் கவனமாகக் காக்கவும், தன் கருத்து தோற்ற பிறகும் அதே குழுவில் உட்கார்ந்து வேலை செய்யவும் கற்றுக்கொண்டவர்தான் நல்ல வாக்காளர்.

நம் சமூக வரலாறும் இதற்குச் சான்று சொல்கிறது. 1950களில் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு நாளிதழில் தோன்றிய மாணவர் மணிமன்றம் என்னும் பகுதி, பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதும் துணிவைத் தந்தது. எழுதியவர்கள் ஊர்தோறும் மன்றங்களாகக் கூடினார்கள். மலாயாவில் தமிழ் இளைஞர் மணிமன்ற இயக்கம் அந்த வேரிலிருந்தே வளர்ந்தது. பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை நடத்திய சிறுகதைப் போட்டிகள் ‘பேரவைக் கதைகள்’ தொகுப்புகளாக வெளிவந்து மலேசியத் தமிழ் இலக்கியத்தில் இடம்பிடித்தன. மாணவர்கள் பாடநேரத்துக்கு வெளியே உருவாக்கிய அமைப்புகளுக்கு ஒரு சமூகத்தின் எழுத்தையே தாங்கும் வலு இருந்திருக்கிறது.

“அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் 90 விழுக்காடு தேர்வு முடிவுக்கு, 10 விழுக்காடுதான் புறப்பாட நடவடிக்கைக்கு. பத்துக்காகத் தொண்ணூறை இழப்பதா?” என்று பெற்றோர் கேட்பது நியாயமே. இழக்க வேண்டாம். தேர்வு நெருங்கும்போது பொறுப்புகளைக் குறைத்துக்கொள்வதும் ஒரு முதிர்ச்சிதான். ஆனால் தரப்புள்ளிச் சராசரி 4.00 பெற்ற எல்லோருக்கும் அந்தத் தொண்ணூறு ஒன்றே என்பதையும் எண்ணிப் பாருங்கள். அவர்களிடையே வேறுபாட்டை உண்டாக்குவது மீதமுள்ள பத்துதான். எஸ்.டி.பி.எம். இடுபணிக்காகத் தகவல் திரட்டவும் அதை நான்கு பேர் முன் எடுத்துச் சொல்லவும் தேவைப்படும் துணிவும் மன்றத்தில் பழகியதுதான்.

புள்ளி என்று வந்துவிட்டதால் சான்றிதழ் சேர்ப்பதே குறிக்கோளாகிவிட்டது என்பது இன்னொரு குறை. அது உண்மை. பதவி, வருகை, அடைவு என்று கணக்கிடும் முறையால் ஒருவரின் பொறுப்புணர்வை அளந்துவிட முடியாது. என்றாலும் அதைத் தூக்கியெறியச் சொல்ல மாட்டேன். மேடையேறாமல் வாரந்தோறும் வந்து நாற்காலி அடுக்கிய மாணவரின் வருகைக்கும் அங்கே மதிப்பு உண்டு. புள்ளி உங்களை மன்றத்தின் வாசல்வரை அழைத்து வரலாம். உள்ளே என்ன செய்தீர்கள் என்பது உங்கள் மனச்சான்றின் கணக்கு.

மூன்றாவது குறைதான் மிகவும் கனமானது. கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடும் மாணவருக்கும், மாலையில் கடையில் வேலைபார்த்து வீட்டுச் செலவைத் தாங்கும் மாணவிக்கும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பிள்ளைக்கும் மன்றம் எட்டாத பொருளாகிவிடுகிறது. அவர்களின் ஆர்வத்தில் குறை காண்பது அநியாயம். அவர்கள் ஒதுங்கினால் பதவிகளெல்லாம் வசதியுள்ளோரிடமே சேரும். பள்ளிகள் கூட்டங்களை இயன்றவரை பள்ளி நேரத்துக்குள் வைக்க வேண்டும். பொறுப்புகளைச் சுழற்சி முறையில் தர வேண்டும். போக்குவரத்துக்கு முன்னாள் மாணவர்களும் பெற்றோர் சங்கங்களும் கைகொடுக்க வேண்டும்.

அன்பு மாணவர்களே, நீங்கள் எந்தப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றாலும், வேலைக்கே சென்றாலும், முதல் மாதத்திலேயே ஓர் அமைப்பில் பெயர் கொடுங்கள். தமிழ் மன்றத்தில் ஒரு கால் இருக்கட்டும். எல்லா இனத்தாரும் கூடும் அமைப்பில் மறு கால் இருக்கட்டும். தலைவர் பதவிக்குக் காத்திருக்காமல் குறிப்பேடு எழுத முன்வாருங்கள். தேர்தல் நாளன்று ஊருக்குத் திரும்பி வந்து வாக்களியுங்கள். அடுத்து இங்கே படிக்க வரும் தம்பி தங்கைகளுக்காக ஆண்டில் ஒரு புதன்கிழமைப் பிற்பகலையாவது ஒதுக்குங்கள்.