நகல் இருந்தால் போதுமா?

(ஊராட்சி உறுப்பினர்களின் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



அனுபவம் வாய்ந்த விவசாயி விதைநெல் முழுவதையும் ஒரே குதிரில் கொட்டி வைக்கத் தயங்குவார். ஒரு பகுதியை அடுத்த ஊரிலுள்ள மைத்துனர் வீட்டில் வைப்பார். ஒரு வீடு தீப்பற்றினாலும் மறு வீட்டு நெல் நாற்றங்காலுக்கு உதவும். இன்று நாம் பேச வந்ததும் இதுவே. நெல் என்னுமிடத்தில் கணக்கு என்று கொள்ள வேண்டுகிறோம்.

பட்டா, சிட்டா, வீட்டு வரிப் பதிவேடு யாவும் இன்று கணினியில் ஏறிவிட்டன. நம் பெட்டியிலுள்ள காகிதம் செல்ல வேண்டுமானால், அதற்குரிய மூலப் பதிவு எங்கோ ஒரு தரவு மையத்தின் சேமிப்புக் கலனில் பழுதின்றி இருத்தல் வேண்டும். அக்கலனே எரிந்துபோனால் என் செய்வது?

இது வெறும் கற்பனை அன்று. தென் கொரியாவின் டேஜான் நகரில் அந்நாட்டு அரசின் தரவு மையம் ஒன்று உள்ளது. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் இரவு, அங்கே லித்தியம் பாட்டரிகளை இடம் மாற்றும் வேலை நடந்தபோது தீ மூண்டது. அறுநூற்றுக்கு மேற்பட்ட அரசுச் சேவைகள் நின்றன. பலவற்றுக்கு வேறிடத்தில் நகல் இருந்தது. அவை படிப்படியாக எழுந்தன. ஆனால் அரசு அலுவலர்கள் தம் கோப்புகளை வைத்திருந்த ‘ஜி-டிரைவ்’ என்னும் களஞ்சியத்துக்கு வெளியிடத்தில் நகலே இல்லை. அதிலிருந்த 858 டெராபைட் தரவு அழிந்தது. ஆளொருவருக்கு 30 ஜிகாபைட் இடம் கொடுத்து, கோப்புகளை இங்கேதான் வைக்க வேண்டும் என்று முன்னர்ப் பணித்தவர்களும் அதிகாரிகளே! நகல் ஏன் இல்லை என்ற கேள்விக்கு, களஞ்சியம் மிகப் பெரிது என்பதே விடையாக வந்தது. குதிர் பெரிதானால் நெல்லைப் பிரித்து வைக்கும் அவசியம் கூடுமேயன்றிக் குறையுமோ?

தொலைவில் நகல் வைக்கும் முறை இரண்டு வகைப்படும். முதல் வகையில், இங்கே ஒரு பதிவு எழுதப்பட்டவுடன் அது தொலைவிலுள்ள கலனுக்கும் செல்லும். அங்கும் எழுதியாயிற்று என்ற மறுமொழி வந்த பின்னரே வேலை முடிந்ததாகக் கொள்ளப்படும். இதில் ஒரு வரியும் இழப்பதற்கில்லை. ஆயினும் கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டரே செல்லும். 100 கிலோமீட்டர் போய்த் திரும்ப நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆகும். ஒரு பதிவுக்கு இது அற்பம். பல்லாயிரம் பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்து நின்றால் அலுவலே தடைப்படும். இரண்டாம் வகையில், இங்கே வேலையை முடித்துக்கொண்டு, நகலைச் சற்றுப் பின்னர் அனுப்புவர். தொலைவு எவ்வளவானாலும் தடையில்லை. ஆனால் விபத்து நேர்ந்தால் கடைசிச் சில நிமிடங்களின் கணக்கு போய்விடும்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியவை இரண்டு. எத்தனை நிமிடக் கணக்கை இழக்கச் சம்மதம்? எத்தனை மணி நேரத்தில் மீண்டும் வேலை தொடங்க வேண்டும்? வங்கிக்கு ஒரு விடை. ஊராட்சி வரிக் கணக்குக்கு வேறு விடை. இவ்விரண்டையும் தீர்மானியாமல் இயந்திரம் வாங்குவது, கிணற்றின் ஆழம் பாராமல் மோட்டார் வாங்குவது போலாகும்.

இன்னொன்றும் உண்டு. பலர் இதைக் கவனிப்பதில்லை. உடனுக்குடன் செல்லும் நகல் நல்லதை மட்டுமன்று, தவற்றையும் சேர்த்தே எடுத்துச் செல்லும். ஊழியர் ஒருவர் கைதவறி ஒரு பதிவேட்டை அழித்தால், தொலைவிலுள்ள கலனிலும் அக்கணமே அது அழியும். எனவே நேற்றைய நிலை, சென்ற வாரத்து நிலை, சென்ற மாதத்து நிலை எனப் பழைய படிகளையும் தனியே, எவரும் மாற்ற இயலாதவாறு வைத்தல் வேண்டும்.

நம் சொந்தப் பிழையையும் மறைப்பதற்கில்லை. முன்பு வேறோர் அலுவலகத்தில், ‘நகல் எடுக்கப்பட்டது’ என்ற சான்றில் மாதந்தோறும் நாமே கையொப்பமிட்டு வந்தோம். ஒரு மழைக்காலத்தில் கணினி பழுதுற்றது. நகல் இருந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்துப் பார்த்தால், பதினான்கு மாதங்களாக அதில் ஒன்றுமே ஏறவில்லை! வரி கட்டியிருந்த முதியவள் ஒருத்தி, ரசீதைச் சேலை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து நம் மேசைமீது வைத்தாள். அவள் ரசீதைப் பார்த்துத்தான் அவள் கணக்கை எழுதினோம். ரசீதைத் தொலைத்தவர்கள் வாயால் சொன்னதை நம்பி எழுதும்படி ஆயிற்று. அவர்களில் சிலர் இரண்டாம் முறையும் வரி கட்டியிருக்கலாம் என்ற எண்ணம் இன்றும் நம்மை உறுத்துகிறது.

அதன்பின் நாம் சான்றை நம்புவதில்லை. நகலிலிருந்து கணக்கை மீட்டுப் பார்க்கிறோம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வோர் உறுப்பினரும் தம் வார்டிலிருந்து மூன்று வீட்டு வரி ரசீதுகளைக் கொண்டுவர வேண்டுகிறோம். அன்று அலுவலகக் கணினியைத் தொடாமல், வெளியூரில் வைத்துள்ள நகலை மட்டும் வேறொரு கணினியில் திறந்து, அம்மூன்று எண்களையும் உங்கள் கண்ணெதிரிலேயே தேடுவோம். எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் குறித்துக்கொள்வோம். ஒன்று கிடைக்காமற் போயினும் அதையும் குறிப்போம்.