டேங்கில் இருப்பது மருந்தல்ல

(தோட்டக் கமிட்டித் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் கலந்துகொண்ட சுகாதாரப் பயிற்சி வகுப்பில் நிகழ்த்திய உரை)



காய்ச்சலுக்குக் குடிப்பதையும் மருந்து என்கிறோம். புல்லுக்கு அடிப்பதையும் மருந்து என்கிறோம். பழகிப்போன பேச்சு. ஆனால் முதுகில் சுமக்கும் டேங்கில் இருப்பது நஞ்சு. இன்றைக்கு அதை நஞ்சு என்றே சொல்லிப் பேசுவோம்.

மருந்தடிக்கும் தோழர்களிடம் கையுறை எங்கே, முகமூடி எங்கே என்று கேட்கிறோம். "அதெல்லாம் எதுக்குத் தலைவரே, காலையில கீழாநெல்லிச் சாறு குடிச்சிட்டுத்தான் மலைக்குப் போறோம், ஈரலுக்கு ஒண்ணும் ஆகாது" என்று பதில் வருகிறது. சில இடங்களில் வேலை வாங்குகிறவர்களும் இதையே சொல்கிறார்கள். கீழாநெல்லிக்கு அவர்களுக்குச் செலவில்லை, கையுறைக்குச் செலவுண்டு.

அப்படியானால் நம் பாட்டிமார் சொன்னது பொய்யா? பொய்யென்று நாங்கள் சொல்லவில்லை. மஞ்சள்காமாலைக்குக் காலங்காலமாகக் கொடுத்த கீழாநெல்லியை ஆய்வுகூடங்களிலும் சோதித்திருக்கிறார்கள். கார்பன் டெட்ராகுளோரைட்டையோ அளவுக்கு மிஞ்சிய பரசிட்டமோலையோ எலிக்குக் கொடுத்தால் ஈரல் கெட்டு, ஈரலுக்குள் இருக்கவேண்டிய நொதியங்கள் இரத்தத்தில் கசியும். கீழாநெல்லிச் சாறு கொடுத்த எலிகளில் இந்தக் கசிவு குறைந்தது. ஐரோப்பாவில் ஒருவகை முட்செடியின் விதையிலிருந்து பிரித்தெடுத்த சிலிபினினை, நச்சுக் காளான் தின்றவர்களுக்கு ஆஸ்பத்திரியில் ஊசிவழி ஏற்றுகிறார்கள்.

ஆனால் அந்த எலிச் சோதனைகளில் நஞ்சு ஒன்றுதான். சாற்றையும் அளந்து, பெரும்பாலும் நஞ்சுக்கு முன்பே கொடுத்தார்கள். நமக்கோ தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் பல நஞ்சுகள், வருஷக்கணக்காக. எலியின் ஈரல் தப்பியதை வைத்து, மருந்தடிக்கிறவரின் நுரையீரல் தப்பும் என்று சொல்ல முடியாது.

ஒவ்வொரு நஞ்சுக்கும் தாக்கும் இடம் வேறு. பரகுவாட் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் அழிக்கும். அதற்கு முறிவு மருந்தே இல்லை. இலங்கையில் அது 2008க்கும் 2011க்கும் இடையில் படிப்படியாக நிறுத்தப்பட்டது. ஓகனோபொஸ்பேற்று பூச்சிநாசினி நரம்பைத் தாக்கும். அதற்கு ஆஸ்பத்திரியில் அற்றோபின் கொடுப்பார்கள். பரசிட்டமோல் மிகுந்தால் ஈரல் கெடும். அதற்கும் முறிவு மருந்து உண்டு. 8 மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் ஈரலைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். வீட்டில் சாறு பிழிந்து பார்ப்போம் என்று உட்கார்ந்தால் போவது அந்த 8 மணித்தியாலம்தான்.

மூலிகையிலும் நஞ்சு உண்டு. விஷத்தை முறிக்கும் என்று பேர்பெற்ற ஈஸ்வரமூலியில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடம்பு மெலிய அந்த இனத்து மூலிகை கலந்த மருந்தைச் சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது.

இன்னொன்றையும் யோசியுங்கள். கீழாநெல்லி எங்கே முளைக்கிறது? கான் ஓரத்தில், மலைக்குப் போகும் பாதையில், தேயிலைச் செடிக்கு இடையில். களைநாசினி அடிப்பதும் அங்கேதான். 2015இல் தடைசெய்யப்பட்ட கிளைபோசேற்றுக்கு 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மறுபடி அனுமதி கொடுத்தார்கள். அது அடித்த செடி உடனே கருகாது, சில நாள் பச்சையாகவே நிற்கும். அந்தப் பச்சையைப் பறித்துப் பிழிந்தால், ஈரலைக் காக்கக் குடிக்கிற சாற்றோடு களைநாசினியும் உள்ளே போகும். பிள்ளைகளுக்கும் அதையே கொடுக்கிறோம்.

ஆகவே கமிட்டிகள் நிர்வாகத்திடம் கேட்க வேண்டியவை இவை. மருந்தடிக்கும் ஒவ்வொருவருக்கும் கையுறை, சப்பாத்து, முகமூடி, மேலுடை தோட்டச் செலவில் வேண்டும். வேலை முடிந்ததும் மலையிலேயே கழுவச் சவர்க்காரமும் தண்ணீரும் வேண்டும். எந்த மலையில், என்ன நஞ்சு, எந்த நாளில் என்பதைப் பெரட்டுக்களத்தில் தமிழில் அறிவிக்க வேண்டும். கர்ப்பிணிகளையும் பால் கொடுக்கும் தாய்மாரையும் இந்த வேலைக்கு அனுப்பக்கூடாது. காலிப் போத்தலை லயத்துக்குக் கொண்டுபோக விடக்கூடாது.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. உடம்பில் நஞ்சு பட்டால் உடுப்பைக் களைந்து சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவுங்கள். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், சாறோ பாலோ புகட்டாதீர்கள். போத்தலையோ லேபலையோ எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மூலிகை சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கீழாநெல்லியைக் கைவிடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அதைக் காட்டிக் கையுறையை மறுக்க யாரையும் விடாதீர்கள் என்றுதான் கேட்கிறோம். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை முதல் விஷயமாக எடுங்கள்.