பரண் மேல் வீணை: பழுது பார்க்கலாமா?

(நமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

டில்லியில் நம்மவர் வீடுகள் பலவற்றில் பரண் மேல் ஒரு தஞ்சாவூர் வீணை துணி சுற்றிக் கிடக்கிறது. "ரிப்பேர் பண்ணலாமா, கொடுத்துவிடலாமா?" என்று என்னைக் கேட்கிறார்கள். நான் வித்வான் அல்ல. பௌதிகம் படித்தவன், அவ்வளவுதான்.

மெட்டுகள் ஆடுகின்றன, மெழுகு வெடித்துவிட்டது என்றால் வீணையே போய்விட்டது என்று அர்த்தமில்லை. 24 மெட்டுகளும் தேன்மெழுகுக் கலவையில்தான் பதிந்திருக்கின்றன. தேன்மெழுகு சுமார் 63 டிகிரியில் உருகும். நம் ஊர் மே மாதத்து 45 டிகிரியிலேயே இளகிவிடும். மேளம் கட்டுவது அவ்வப்போது செய்ய வேண்டிய வேலைதான். பிரடை வழுக்குவதும், குதிரையின் தகடு தேய்வதும் அப்படியே.

பார்க்க வேண்டியது பலா மரத்தை. தண்டியின் மேல் விளிம்போடு ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நடுவில் இடைவெளி தெரிந்தால் தண்டி வளைந்திருக்கிறது. ஏழு தந்திகளும் வருஷக்கணக்காக இழுத்ததன் பலன். ஒட்டு வீணையில் இணைப்பு விட்டிருந்தால் மறுபடி ஒட்டலாம். ஏகாண்டம் ஒரே மரத்தில் குடைந்தது. அதன் வளைவை நிமிர்த்துவது மகா கஷ்டம். பலகையில் ரேகையோடு ஓடும் விரிசலுக்கு அஞ்ச வேண்டாம். குடத்திலிருந்து மாவு போல் தூள் கொட்டினால், ஆசாரி பார்த்துச் சொல்லும்வரை ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

விற்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய வீணைகளில் யானைத் தந்த வேலைப்பாடு இருக்கலாம். தந்தத்தை விற்பது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன் சொல்கிறேன், "பழசுதானே ஸார்" என்பதெல்லாம் எடுபடாது.

எங்கள் மன்னியின் வீணைக்கும் இந்தப் பரீட்சை நடந்தது. மன்னிக்கு 81 வயது, விரல்கள் மடங்குவதில்லை. கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிடலாம் என்றான் அவர் பிள்ளை. நூல் பிடித்துப் பார்த்தேன், தண்டி நேராக இருந்தது. "நான் வாசிக்கப் போறதில்லை, யாருக்காக?" என்றார் மன்னி. பக்கத்து பிளாக்கிலிருந்து ஒரு பெண் குழந்தை வாடகை வீணையைத் தூக்கிக்கொண்டு அவரிடம் பாடத்துக்கு வருகிறாள். அவளைச் சொன்னேன். மன்னி இரண்டு நாள் பேசவில்லை. பிறகு சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு: வீணை வீட்டைவிட்டுப் போகக்கூடாது, குழந்தைதான் தினமும் வந்து சாதகம் பண்ண வேண்டும்.

வீணை இப்போது தஞ்சாவூரில் இருக்கிறது. நீங்கள் அனுப்பினால் தந்திகளைத் தளர்த்தி, சுரைக்காயைக் கழற்றித் தனியாகக் கட்டி அனுப்புங்கள்.