பிந்திக் கதைக்கும் பிள்ளையும் கேளாத செவியும்



"ஆம்பிளைப் பிள்ளை, பிந்தித்தான் கதைக்கும்." "தகப்பனும் மூன்று வயசிலைதான் வாய் திறந்தவர்." கிளினிக்கில் நாம் ஓயாமல் கேட்கும் வசனங்கள் இவை. சிலவேளை உண்மையாகவும் இருக்கும். ஆனால் செவியைச் சோதித்த பிறகே அப்படிச் சொல்லலாம். மூளை மொழியை இலகுவாகப் பற்றிக்கொள்வது முதல் சில வருடங்களில்தான். பிறந்து 1 மாதத்துக்குள் பரிசோதனை, 3 மாதத்துக்குள் நிர்ணயம், 6 மாதத்துக்குள் சிகிச்சை என்பது செவி மருத்துவத்தில் பலநாட்டவரும் வைத்திருக்கும் கணக்கு. எங்களிடம் வரும் பிள்ளைகளில் பலர் இரண்டு வயது தாண்டியே வருகிறார்கள்.

வீடுகளில் சட்டி மூடியைத் தட்டிப் பார்ப்பார்கள். அதை நம்பவேண்டாம். அதிர்வை உணர்ந்தோ நிழலைக் கண்டோ பிள்ளை திரும்பிவிடும். பெரிய சத்தம் கேட்கும் பிள்ளைக்குக்கூட 'ச', 'ஸ' போன்ற மெல்லிய ஒலிகள் கேளாதிருக்கலாம். கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் குரலெழுப்பி விளையாடும். பிறகுதான் அது குறையும். தாய்மார் ஏமாறுவது இங்கேதான். ஆறு மாதமளவில் குரல் வந்த பக்கம் திரும்பாவிட்டால், ஒரு வயதில் பெயருக்குத் திரும்பாவிட்டால், ஒன்றரை வயதாகியும் கருத்துள்ள சொல் ஒன்றும் வராவிட்டால் உடனே காட்டுங்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, கடும் மஞ்சட்காமாலையோ மூளைக்காய்ச்சலோ கண்ட பிள்ளை, குடும்பத்தில் சிறுவயதிலேயே செவிப்புலன் குறைந்தவர் உள்ள பிள்ளை ஆகியோரை அறிகுறிக்குக் காத்திராமலே சோதிக்க வேண்டும்.

கர்ப்பகாலத்தில் வரும் ருபெல்லா, அதாவது ஜேர்மன் சின்னமுத்து, ஒரு காலத்தில் பல செவிகளைப் பறித்தது. 1996இல் எம் நாட்டில் தொடங்கிய தடுப்பூசி அதைப் பெரிதும் ஒழித்துவிட்டது. ஊசிக்குப் பயந்து அழுத வகுப்புத் தோழிகள் இச்சபையிலும் இருக்கக்கூடும்!

ஆசிரியைகளுக்கு ஒரு வார்த்தை. தடிமனுக்குப் பின் நடுச்செவியில் நீர் தேங்கினால் பிள்ளைக்குப் பாதிதான் கேட்கும். "என்ன டீச்சர்?" என்று திரும்பத் திரும்பக் கேட்கும், பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்க்கும். அதற்குக் குழப்படி, மந்தம் என்று பெயர் வைத்துவிடுகிறோம். பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானாக வற்றும். வற்றாவிட்டால் செவிப்பறையில் சிறு குழாய் வைக்கலாம். அதுவரை முன்வரிசையில் இருத்துங்கள். எண்ணெய் காய்ச்சி விடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

உட்செவி நரம்புக் குறைபாட்டுக்குக் கருவி வேண்டும். அது போதாத பிள்ளைகளுக்கு உட்செவியில் பொருத்தும் கொக்லியர் கருவி உண்டு. அதன் பின்னும் பேச்சுப் பயிற்சி வருடக்கணக்கில் தேவை. சைகைமொழி கற்றால் பேச்சு வராது என்ற பயமும் வீண்.

எங்களுக்கு மனவருத்தம் தருவது வேறு. மகனுக்குக் கருவி பூட்டச் சம்மதிக்கும் பெற்றோர், மகள் என்றதும் "நாளைக்கு ஆர் கலியாணம் கட்டுவினம்?" என்று தயங்குகிறார்கள். கலியாண வீட்டுக்குப் போகும்போது கருவியைக் கழற்றி அலுமாரியில் வைக்கிறார்கள். எல்லோரும் கூடிக் கதைக்கும் இடத்தில்தான் அந்தப் பிள்ளைக்கு அது அதிகம் தேவை. பிள்ளை வளர வளரக் காதுக்குள் வைக்கும் அச்சையும் மாற்ற வேண்டும். இறுக்கம் தளர்ந்தால் கருவி கீச்சிடும். கீச்சிட்டால் கழற்றி வைக்காமல் கிளினிக்குக்குக் கொண்டுவாருங்கள்.